எடையைச் சொல்லாமல் அச்சு கேட்காதீர்கள்



டிராக்டர் டிரெய்லருக்குப் பட்டறையில் தனியாக அச்சு போடுவது பற்றி இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என்னிடம் படித்தவர்களில் லேத் போட்டிருப்பவர்கள், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள், டிராக்டர் ஓட்டிப் பிழைப்பவர்கள் எல்லாரும் உண்டு. சொந்தத்திலும் உண்டு. நான் பொறியியல் படித்தவன் அல்ல. ஆசிரியர் பயிற்சி முடித்து, நெம்புகோலும் கன அளவும் கரும்பலகையில் நடத்தியவன். இந்த விஷயத்துக்கு அந்தப் பாடமே போதும்.

நம் பக்கத்து டிரெய்லர் தார் ரோட்டில் மட்டுமா ஓடுகிறது? கண்மாய்க்குள் இறங்கி வண்டல் ஏற்ற வேண்டும். சாத்தூர், அருப்புக்கோட்டைக் கரிசல் காட்டில் ஒரு மழை பெய்தால் சக்கரம் புதைந்துவிடும். சீமைக் கருவேலம் வெட்டும் இடத்துக்குப் பாதையே கிடையாது. அதனால் பெரிய டயர், உயரமான அச்சு, அகலமான அச்சு என்று சொல்லிச் செய்கிறார்கள். அதில் தப்பில்லை. நம் ஊர்ப் பட்டறைகளின் கைத்திறனும் எனக்குத் தெரியும். என் வருத்தம் வேறு. அச்சு கேட்கிறவர் எவ்வளவு எடை ஏற்றுவேன் என்று சொல்வதில்லை. போடுகிறவரும் கேட்பதில்லை. பழைய இரும்புக் கடையில் கிடைத்த லாரி அச்சை வெட்டி ஒட்டி, "தாங்கும்ணே" என்று அனுப்பிவிடுகிறார்கள். எவ்வளவு தாங்கும்? அதற்குப் பதில் இல்லை.

வள்ளுவர் 475ஆவது குறளில் இதைத்தான் சொன்னார். ஏற்றுவது மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் உப்பு வணிகர்களைக் காட்டுகிறார். எருதுகள் இளையவை, பாரம் பெரிது, வழியோ பள்ளமும் மேடும். அதனால் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சையும் கட்டிக்கொண்டு போனார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். முறியக்கூடும் என்று முதலிலேயே நினைத்துப் பார்த்தவர்கள் நம் முன்னோர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். 5,000 லிட்டர் தண்ணீர் என்றால் 5 டன். டேங்கின் எடை தனி. விறகு ஏற்றுவதற்கென்று போட்ட அச்சின் மேல், கோடை வந்ததும் தண்ணீர் டேங்கைத் தூக்கி வைக்கிறோம். பார்வைக்கு இரண்டும் ஒரே அளவுதான். எடை ஒன்றா? ஒரு சக்கரம் குழியில் விழும்போது, அசையாமல் நிற்கும் எடையைப் போல இரண்டு மடங்கு அடி விழும் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது அகலம். ஒரு சக்கரத்தின் பங்கு 2,500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சேஸிஸ் உட்காரும் இடத்திலிருந்து சக்கரத்தின் நடுவுக்கு 25 செ.மீ. இருந்தால், அச்சை வளைக்கும் விசை 625 கிலோ-மீட்டர். வண்டி சாயாமல் இருக்கட்டும் என்று சக்கரத்தை 35 செ.மீ.க்குத் தள்ளினால் 875. எடை ஒரு கிலோகூடக் கூடவில்லை. ஆனால் அச்சின் வேலை 40 சதவீதம் கூடிவிட்டது. கிணற்று ராட்டினமும் ஏற்றக் கட்டையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியாதா?

மூன்றாவது கனம். உருட்டுக் கம்பியின் வளைவு தாங்கும் வலிமை, விட்டத்தின் கனத்தைப் பொறுத்து மாறும். 60 மி.மீ.க்குப் பதில் 70 மி.மீ. போட்டால் இரும்பு 36 சதவீதம்தான் கூடும். வலிமை 59 சதவீதம் கூடும். இதையே திருப்பிப் பாருங்கள். கையில் இருக்கும் பேரிங்குக்குப் பொருந்தட்டும் என்று 70ஐ லேத்தில் 60ஆகக் கடைந்தால், அந்த இடத்தில் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது.

கடையும்போது படிக்கட்டு மாதிரிக் கூர்மையான மூலை விடவே கூடாது. 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் இன்ஜின் அச்சு முறிந்து, பெட்டிகள் ஏறித் தீப்பிடித்து, 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் காலத்தில் முறிந்த ரயில் அச்சுகளை ஆராய்ந்த ராங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், விரிசல் அந்த மூலையில்தான் தொடங்குகிறது, அங்கே வளைவு விட்டுக் கடையுங்கள் என்றார். அச்சு ஒரே நாளில் முறிவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு குலுக்கலிலும் மயிரிழை மயிரிழையாக விரிந்து, ஒருநாள் விட்டுவிடும். நேற்று தாங்கியது என்பது இன்றைக்குச் சாட்சி ஆகாது.

வெல்டிங்கும் அப்படித்தான். அச்சின் நடுவில் அடிப்பக்கம் இழுபடும். அங்கே வெல்டிங் வைக்காதீர்கள். கார்பன் கூடுதலான அச்சு இரும்பை முன்கூட்டிச் சூடேற்றாமல் பற்றவைத்து, அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஆற்றினால், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே உடையும்.

"இதெல்லாம் பார்த்தால் விலை கூடும் சார், ஆள் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார்" என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் இதைப் பட்டறைக்காரர்களைவிட டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு முக்கியமாகச் சொல்கிறேன். என்ன ஏற்றுவீர்கள், எந்தப் பாதையில் போவீர்கள் என்பதை உண்மையாகச் சொல்லுங்கள். மூன்று டன் என்று சொல்லிவிட்டு ஆறு டன் ஏற்றினால், அது பட்டறையை ஏமாற்றியது ஆகாது. பின்னால் சைக்கிளில் வரும் பள்ளிக்கூடப் பிள்ளையை ஏமாற்றியது ஆகும்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. நம் பட்டாசு ஆலைகளில் ஒவ்வொரு அறையிலும் எத்தனை ஆள், எத்தனை கிலோ மருந்து என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த அளவை மீறினால் என்ன ஆகும் என்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதேபோல் பட்டறையை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு டிரெய்லரின் பக்கவாட்டிலும், அச்சு தாங்கும் எடை இத்தனை டன் என்று பெயிண்டில் எழுதிவிடுங்கள். எழுத வேண்டும் என்றாலே கணக்குப் போட்டாக வேண்டும். எழுதிவிட்டால் டிரைவரும் யோசிப்பார், ஏற்றிவிடும் ஆளும் யோசிப்பார்.

சட்டத்தையும் மறக்காதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லருக்கும் பதிவு உண்டு. பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52ஆம் பிரிவு. அச்சை மாற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போகிறோம் என்று அந்தப் பெட்டியில் பிள்ளைகுட்டிகளை ஏற்றாதீர்கள். மாரியம்மன் பஸ்ஸில் வந்தாலும் அருள் தருவாள்.

லேத் வைத்திருக்கும் தம்பிகளே, அடுத்த முறை ஒருவர் அச்சு கேட்டு வந்தால், விலையைச் சொல்லும் முன் எடையைக் கேளுங்கள். சொல்ல மறுப்பவருக்கு அச்சு போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்