மகன் கடிதத்தை எரித்த தாய்

1937-ம் ஆண்டு. ரஷியாவில் லெனின்கிராடு நகரம்.

சிறை வாசலில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்தியின் கணவனைப் பிடித்துப் போய்விட்டார்கள். இன்னொருத்தியின் மகனைக் காணோம். என்ன குற்றம்? எங்கே இருக்கிறான்? அதைக் கேட்கத்தான் இந்த வரிசை.

அப்படி நின்றவர்களில் ஒருவர் லிடியா சுகோவ்ஸ்கயா. வயது 30. அவருடைய கணவர் மத்வே பிரான்ஸ்டைன், பௌதிக விஞ்ஞானி. 1937 ஆகஸ்டில் கைதானார்.

"பத்து வருடச் சிறை. கடிதம் எழுதக்கூடாது" என்று மனைவிக்குச் சொன்னார்கள். அது பச்சைப் பொய். 1938 பிப்ரவரியிலேயே அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்!

லிடியா அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. 1939-40 குளிர்காலத்தில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் ரகசியமாக ஒரு கதை எழுதினார். அகப்பட்டால் உயிர் போகும்.

தாயின் கதை

கதையின் பெயர் "சோபியா பெத்ரோவ்னா". அவள் ஒரு விதவை. டைப் அடித்துப் பிழைப்பவள். ஒரே மகன் கோல்யா, என்ஜினீயர். அவனைக் கைது செய்கிறார்கள்.

தாய் என்ன நினைக்கிறாள்? "என் மகன் நிரபராதி. ஏதோ தவறு நடந்துவிட்டது. ஆனால் வரிசையில் நிற்கும் மற்றவர்களின் பிள்ளைகள் குற்றவாளிகள்தான்!"

பக்கத்தில் நிற்பவளும் அப்படித்தானே நினைத்திருப்பாள்?

கடைசியில் மகனிடமிருந்து கடிதம் வருகிறது. அடித்து உதைத்தார்கள், காப்பாற்று அம்மா என்று கெஞ்சுகிறான். மனு கொடுத்தால் இருவருக்கும் ஆபத்து என்று ஒருத்தி எச்சரிக்கிறாள். பயத்தில், பெற்ற தாயே அந்தக் கடிதத்தை எரித்துவிடுகிறாள்.

பிழைத்த நோட்டு

நோட்டை ஒரு நண்பர் ஒளித்து வைத்திருந்தார். யுத்தத்தில் லெனின்கிராடை ஜெர்மானியர் முற்றுகையிட்டபோது அவர் பட்டினியால் இறந்தார். சாகும் முன் அதைச் சகோதரியிடம் ஒப்படைத்தார். நோட்டு பிழைத்தது.

ஸ்டாலின் இறந்து சில வருடங்கள் கழித்து, ஒரு பிரசுராலயம் கதையை வெளியிடச் சம்மதித்தது. பிறகு பின்வாங்கியது. லிடியா வழக்குப் போட்டார். பேசிய பணம் கிடைத்தது. புத்தகம் வரவில்லை. 1965-ல் அது பாரிசில் வெளிவந்தது. கொடுமைகளைத் தொடர்ந்து கண்டித்ததால், 1974-ல் எழுத்தாளர் சங்கத்திலிருந்து அவரை நீக்கினார்கள். அப்போதும் அவர் வாயை அடைக்க முடியவில்லை. சொந்த நாட்டில் கதை அச்சேற 1988 வரை காத்திருந்தார். 1996-ல் காலமானார்.

யார் குற்றம்?

கொடுமை செய்த சர்க்கார்தான் முதல் குற்றவாளி. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கொடுமைக்குத் துணை நின்றது எது? "நெருப்பில்லாமல் புகையுமா?" என்ற ஒரு வார்த்தை.

அடுத்த வீட்டுக்காரனைப் பிடித்துப் போகும்போது நல்லவர்களும் அதைச் சொன்னார்கள். தங்கள் வீட்டுக் கதவைத் தட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. அப்போது கேட்க ஆள் இல்லை.

விசாரணை இல்லாமல் ஒருவனைக் குற்றவாளி என்பது பாவம். அவன் யார் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் சரி. லிடியாவின் நோட்டுப் புத்தகம் சொல்லும் பாடம் இதுதான்.