டிரான்ஸ்ஃபர் வாரம்

வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டை, முதுகில் ஒரு பை. பிலிப்பீன்ஸில் சின்ன ஊர்களில்கூட ஜீப்னியிலோ டிரைசைக்கிளிலோ இப்படி இரண்டு இளைஞர்களைப் பார்க்கலாம். உலகம் மார்மன் என்று அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் ஊழியர்கள் இவர்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள். பையன்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்குப் பதினெட்டு மாதம். கையில் வேதப் புத்தகமும் வாயில் புதிதாகக் கற்ற செபுவானோ மொழியுமாக வெயிலில் அலையும் இவர்களைப் போன்றவர்களைப் பற்றி நாடகமே வந்துவிட்டது. இவர்கள் தூங்கும் வீட்டுக்கு யார் வாடகை கட்டுகிறார்கள், பாஸ்போர்ட் எந்த அலமாரியில் இருக்கிறது, டெங்கு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதைப் பற்றி ஒரு காட்சிகூட யாரும் எழுதியதில்லை.

அதற்கெல்லாம் ஓர் அலுவலகம் உண்டு. அங்கே மேசைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வயதான கணவன் மனைவி இருப்பார்கள். ஓய்வுபெற்ற கணக்காளர், பள்ளி ஆசிரியை, நிலத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்த விவசாயி இப்படி. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள் அதிகம். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்துமூன்று மாதம் என்று காலத்தைத் தாங்களே தேர்ந்துகொள்ளலாம். சம்பளம் கிடையாது. வந்திறங்கிய பிறகு ஆகும் சோறு, வாடகை எல்லாம் சொந்தச் சேமிப்பிலிருந்துதான். பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு வந்து, ஊருக்கெல்லாம் நற்செய்தி சொல்லப்போகிறோம் என்ற நினைப்போடு விமானம் ஏறியவர்களுக்கு முதல் நாள் கிடைப்பது ஒரு சாவிக்கொத்தும், வாடகை ஒப்பந்தங்கள் அடுக்கிய கோப்பும்.

இந்தச் சபை பிலிப்பீன்ஸில் முறையாகக் கால் ஊன்றியது 1961-இல். அந்த ஏப்ரலில் மணிலாவின் அமெரிக்கப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கார்டன் ஹிங்க்லி தலைமையில் ஒரு பிரார்த்தனைக் கூட்டம் நடந்தது. ஜூனில் ஹாங்காங்கிலிருந்து நான்கு ஊழியர்கள் வந்து இறங்கினார்கள். 1967-இல் பிலிப்பீன்ஸ் தனி மிஷன், அதாவது தனி ஊழிய மண்டலம், ஆனது. இன்று அந்த நாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட மிஷன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், அவர் மனைவி, ஓர் அலுவலகம், நூற்றைம்பது முதல் இருநூறு வரை இளம் ஊழியர்கள்.

அலுவலகத்தின் நாள்காட்டி மாதக் கணக்கில் ஓடுவதில்லை, ஆறு வாரக் கணக்கில் ஓடுகிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம். நம் ஊர் அரசு ஊழியர் டிரான்ஸ்ஃபர் உத்தரவைக் கண்டால் தலையில் கைவைத்து உட்கார்ந்து, யாரைப் பிடித்து நிறுத்தலாம் என்று யோசிப்பார். இங்கே ஒரு பையன் அலைபேசியில் பெயரைப் பார்த்துவிட்டு இரண்டு பெட்டியைக் கட்டுகிறான். யார் எங்கே, யாரோடு என்பதை மிஷன் தலைவர் முடிவு செய்வார். படங்கள் ஒட்டிய பலகையின் முன்னால் ஜெபித்து நின்று அவர் நகர்த்துகிற ஒவ்வொரு படமும், அலுவலகத்துக்கு வரும்போது ஒரு பஸ் டிக்கெட், ஒரு சாவி, ஒரு கட்டில் என்று மாறிவிடும்.

சிக்கல் எங்கே என்றால், ஊழியர் யாரும் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் ஜோடி. ஒரு ராத்திரிகூட ஒருவர் மட்டும் அந்த வீட்டில் தங்க விதி இடம் கொடுக்காது. ஆகவே ‘அ’வைத் தெற்கே அனுப்பினால், ‘ஆ’வின் புதுத் துணை வந்து சேரும்வரை ‘ஆ’ பக்கத்து ஊர் ஜோடியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் புதுத் துணை வரும் கப்பல் கிளம்பவில்லை என்றால் பின்னால் நான்கைந்து ஜோடிகள் பேருந்து நிலையங்களில் பெட்டிகளோடு தொங்கிக்கொண்டிருப்பார்கள். ஏழாயிரத்துச் சொச்சம் தீவுகள் கொண்ட நாட்டில் கப்பல் கிளம்பாமல் போக அதிகக் காரணம் வேண்டியதில்லை. புயல் எச்சரிக்கை எண் ஏறினால் கடலோரக் காவல்படை கப்பல்களை நிறுத்திவிடும். அன்றைக்கு அலுவலகத்துப் பாட்டிதான் போக்குவரத்து அதிகாரி.

மொழி இன்னொரு முடிச்சு. லெய்டே தீவை மட்டும் எடுத்துக்கொள்வோம். வடகிழக்கில் வாராய் பேசுவார்கள், மேற்கிலும் தெற்கிலும் செபுவானோ. ஒரே தீவுக்குள் பேருந்தில் சில மணி நேரம் போனால், பாடுபட்டுக் கற்ற மொழி பாதி உதவாமல் போய்விடும்.

இடமாற்றத்தோடு சேர்ந்தே வருவதும் போவதும். குவெஸோன் நகரில், மணிலா ஆலயத்துக்கு அருகிலுள்ள பயிற்சி மையத்திலிருந்து புதியவர்கள் வருவார்கள். காலம் முடிந்தவர்கள் வீடு திரும்புவார்கள். வருகிறவர்களுக்குப் படுக்கை, தண்ணீர்க் குடம், உள்ளூர் அலைபேசி. போகிறவர்களுக்கு விமானச் சீட்டும் குடிவரவுத் துறையின் சீட்டும். இந்த இரண்டாவது சீட்டுதான் அலுவலகத்தாரின் தூக்கத்தைக் கெடுப்பது. ஆறு மாதத்துக்கு மேல் பிலிப்பீன்ஸில் தங்கிய வெளிநாட்டவர் அதைக் கையில் வைத்திருந்தால்தான் நாட்டை விட்டு வெளியேறலாம். தவிர, பதிவு செய்துகொண்ட வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் ஆண்டின் முதல் அறுபது நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தங்கள் இருப்பைத் தெரிவிக்க வேண்டும். இருநூறு பேரில் ஒருவருடைய பாஸ்போர்ட் தேதியை மறந்தாலும் போதும், அபராதமும் அலைச்சலும் தேடி வரும்.

வாடகை தனிக் கதை. பிலிப்பீன்ஸில் வீட்டுக்காரர்கள் வருடம் முழுமைக்குமான பின்தேதிக் காசோலைகளை முன்கூட்டியே கேட்பது வழக்கம். எழுபது, எண்பது வீடு என்று வைத்தால் எத்தனை காசோலை, எத்தனை கையெழுத்து என்று வாசகரே பெருக்கிக்கொள்ளலாம். ஊழியர்களின் குடும்பங்கள் கட்டும் பணமும் கணக்கில் வரும்: அமெரிக்கக் குடும்பம் பிள்ளைக்காக மாதம் 400 டாலர் சபைக்குக் கட்டிவந்தது, 2020 ஜூலையில் அது 500 ஆனது. டோக்கியோ போனாலும் டாக்லோபான் போனாலும் தொகை ஒன்றுதான். செலவு கூடிய ஊருக்குப் போகிற பிள்ளையின் பெற்றோர் மட்டும் அதிகம் சுமக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு.

இங்கே ஒரு கேள்வி எழும், எழத்தான் வேண்டும். இந்தச் சபை ஏழைச் சபை இல்லை. அதன் முதலீட்டு நிறுவனம் பங்குகளைச் சரியான பெயரில் காட்டவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2023 பிப்ரவரியில் நடவடிக்கை எடுத்தது. நிறுவனமும் சபையும் சேர்ந்து 50 லட்சம் டாலர் அபராதம் கட்டின. மறைக்கப்பட்ட முதலீடு 2018-இல் ஏறத்தாழ 3,200 கோடி டாலர் அளவுக்கு வளர்ந்திருந்ததாக ஆணையம் சொன்னது. அத்தனை செல்வம் உள்ள இடம், ஓய்வூதியத்தில் வாழும் கிழவனும் கிழவியும் தங்கள் காசில் வந்து காசோலை எழுதுவதை ஏன் ஏற்கிறது? விசுவாசிகளைக் கேட்டால், கொடுத்தால்தான் ஊழியம், கூலி வாங்கினால் வேலை என்பார்கள். பதில் முழுத் திருப்தி தராவிட்டாலும், அந்தத் தம்பதிகளின் உழைப்பில் குறை சொல்ல முடியாது.

அலுவலகம் எதற்காக இருக்கிறது என்பது டிரான்ஸ்ஃபர் வாரத்தில் தெரிவதைவிட, எல்லாம் உடைந்துபோகும் வாரத்தில் நன்றாகத் தெரியும். 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல், உள்ளூரில் யோலாண்டா, கிழக்கு விசாயாஸ் மீது ஏறியது. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று, அதற்குப் பின்னால் ஊருக்குள் புகுந்த கடல். 6,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். டாக்லோபான் மிஷனில் அப்போது 204 ஊழியர்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை, சாலையில் மரங்களும் அதைவிட மோசமானவையும் கிடந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் பெயர்ப் பட்டியலும் விலாசமும்தான் ஒரே ஆயுதம். எந்த வீட்டில் யார் என்பது எங்கோ ஒரு தாளில் சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பெயராகக் குறியிட்டுக்கொண்டு வந்து, சில நாள்களில் 204 பேரும் உயிரோடு இருப்பதாகச் சபை அறிவித்தது. பிறகு அவர்களை மணிலாவுக்குக் கொண்டுபோய் வேறு மிஷன்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். ஆறு வாரச் சுழற்சியில் சிலரை நகர்த்தவே திணறும் முறை, ஒரே மூச்சில் ஒரு மிஷனையே நகர்த்தியது.

2020 மார்ச்சில் வந்தது இன்னொரு வகை உடைப்பு: கொரோனா. 16-ஆம் தேதி அதிபர் துதெர்த்தே லூசோன் தீவு முழுவதையும் முடக்கப்போவதாக அறிவித்தார். வெளிநாடு செல்வோருக்கு முதலில் 72 மணி நேரக் கெடு. பிறகு அது தளர்த்தப்பட்டது, என்றாலும் அந்தக் கெடுவுக்குள் ஓடத் தொடங்கியவர்களுக்கு அது தளர்ந்தது தெரிந்திருக்க வழியில்லை. உள்நாட்டு விமானங்கள் ரத்து, சோதனைச் சாவடிகள், மூடிய அலுவலகங்கள். வெளிநாட்டு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்புவதென்று சபை முடிவெடுத்து விமானங்களை வாடகைக்கு எடுத்தது. வழக்கமாகப் பல நாள் பிடிக்கும் காகித வேலை மணிக்கணக்கில் முடிந்தாக வேண்டும். அறுபதைத் தாண்டிய அலுவலகத் தம்பதிகள்தான் அந்த நோய்க்கு அதிகம் அஞ்ச வேண்டியவர்கள். தங்கள் பெட்டியையும் கட்டிக்கொண்டே பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுகளை அடுக்க வேண்டிய நிலை.

அதே வாரம் 18-ஆம் தேதி சபையின் தலைமையகம் உள்ள சால்ட் லேக் சிட்டியை 5.7 அளவு நிலநடுக்கம் உலுக்கி, அங்கே விமான நிலையமே சில மணி நேரம் மூடிக் கிடந்தது. ஆலயக் கோபுரத்துத் தேவதூதன் கையிலிருந்த எக்காளம் கழன்று விழுந்தது. 22-ஆம் தேதி ஞாயிறு, பிலிப்பீன்ஸிலிருந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வந்திறங்கியபோது குடும்பங்கள் பலூனும் பதாகையுமாக வாகன நிறுத்தத்தில் திரண்டுவிட்டன. இடைவெளி விடச் சொன்ன மாநில ஆளுநர் கேரி ஹெர்பர்ட்டுக்குக் கோபம் வந்தது நியாயமே. மறுநாள் முதல் காருக்குள்ளேயே காத்திருக்க வேண்டும், பெற்றோர் மட்டும் வரலாம் என்று கட்டுப்பாடு வந்தது. தொலைக்காட்சியில் அணைப்புகளைக் காட்டினார்கள். யார் யாருடைய பெயர் எந்த விமானத்தில் என்று மணிலா பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தவர்களைக் காட்டவில்லை.

இப்போது சுழற்சி மீண்டும் ஆறு வாரம்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஜூலை முதல் தேதியை ஒட்டி, இந்தச் சுழற்சியின் மேல் இன்னொரு மாற்றம் வந்து ஏறும். மிஷன் தலைவரும் அவர் மனைவியும் காலம் முடிந்து கிளம்ப, புதுத் தலைவர் வந்திறங்குவார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேச அநேகமாகச் சில மணி நேரம்தான் கிடைக்கும். வங்கியில் கையெழுத்து மாற வேண்டும், எழுதிவைத்த பின்தேதிக் காசோலைகளை என்ன செய்வது என்று பார்க்க வேண்டும். எந்த வீட்டுக்காரர் கறார், எந்தத் தீவில் கப்பல் புதன்கிழமை வராது, எந்தப் பையனுக்கு ஆஸ்துமா என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் இரண்டே பேர். அவர்களுக்கும் இன்னும் நான்கு மாதமோ ஐந்து மாதமோதான் பாக்கி. அவர்கள் இடத்துக்கு யார் வருகிறார்கள் என்று இடாஹோவிலிருந்தோ யூட்டாவிலிருந்தோ இன்னும் தகவல் வந்திருக்காது.