எது எங்கே இருக்கு?

பாய்மரப் படகு என்றதும், செந்தோசா பக்கம் வெள்ளை வெளேரென நிற்கும் விலையுயர்ந்த படகுகள்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். சம்பளத்தை எண்ணிச் செலவு செய்கிறவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று தோன்றும். ஆனால் சம்பளக்காரக் குடும்பங்களை மனத்தில் வைத்தே உருவான படகு ஒன்று உண்டு. அதன் பெயரே ‘ஃபோக்போட்’, அதாவது மக்கள் படகு.

1941இல் ஸ்கேண்டினேவிய நாடுகளின் பாய்மரப் படகுச் சங்கம் ஒரு போட்டி நடத்தியது. விலை கட்டுப்படியாக வேண்டும், கடலையும் தாங்க வேண்டும், ஒரு குடும்பம் விடுமுறைக்குப் போய்வர வேண்டும். இவைதான் நிபந்தனைகள். வந்த வரைபடங்களில் எதுவுமே முழுத் திருப்தி தரவில்லை. அவற்றில் சிறந்த சிலவற்றின் நல்ல அம்சங்களைச் சேர்த்து, டோர்ட் சுண்டேன் என்பவர் இறுதி வடிவத்தை வரைந்தார். 1942இல் சுவீடனின் கோத்தன்பர்க்கில் முதல் படகு நீரில் இறங்கியது. நீளம் ஏறத்தாழ 7.6 மீட்டர், அகலம் 2.2 மீட்டர். எடை சுமார் 2 டன். அதில் பாதி, அடியில் பொருத்திய இரும்பு. காற்றில் சாயும் படகை அந்தப் பாரம்தான் மறுபடி நிமிர்த்துகிறது.

சின்னதுதானே என்று குறைத்து எடைபோட வேண்டாம். 1960இல் பிளண்டி ஹேஸ்லர் என்ற பிரிட்டிஷ்காரர், மாற்றியமைத்த ஃபோக்போட் ஒன்றில் சீன ஜங்க் கப்பலின் பாயைக் கட்டிக்கொண்டு, தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார். பிளிமத்திலிருந்து நியூயார்க்குக்கு 48 நாள். அந்தப் போட்டியில் அவருக்கு இரண்டாம் இடம்.

என்னோடு ஊடகவியல் படித்த தோழி ஒருத்தி சுவீடன்காரி. சென்ற ஜூலையில், அவளுடைய அப்பா காலத்து மர ஃபோக்போட்டில் ஒரு பகல் முழுக்கச் சுற்றினோம். அவள், கணவர், இரண்டு பிள்ளைகள், நான்.

உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. உட்காரலாம், படுக்கலாம். படுக்கையறை, சமையலறை, ஸ்டோர் எல்லாம் அந்த ஒரே இடம்தான். மண்ணெண்ணெய் அடுப்பு இரு முனைகளில் ஊஞ்சல்போலத் தொங்குகிறது. படகு சாய்ந்தாலும் கெட்டில் நேராக நிற்கும். ஆழம் பார்க்க, கயிற்றின் நுனியில் ஓர் ஈயக்கட்டி. அதன் அடியில் உள்ள குழியில் கொழுப்பைத் தடவி இறக்கினால், கடலடியில் மணலா சேறா என்பது ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். நங்கூரம் போடுமுன் அது தெரிய வேண்டுமே! தண்ணீர் இறைக்கக் கைப்பம்பு, அதற்குத் துணையாக ஒரு வாளி. ஒவ்வொன்றுக்கும் ஒரே இடம்தான். நடு இரவில் அலை தூக்கிப் போடும்போது விளக்கைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. கை தானாக அங்கே போக வேண்டும்.

என் கண் போனதென்னவோ சுவரில் இருந்த சின்ன விஎச்எஃப் வானொலி மீதுதான். தொழில் புத்தி! பக்கத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. “இதை யார் பயன்படுத்துவது?” என்று கேட்டேன். “நானும்தான்” என்றாள் எட்டு வயது மகள். அட்டையைப் பார்க்காமலே ஒப்பித்தாள். 16ஆம் அலைவரிசை. ‘மேடே’ என்று மூன்று முறை. படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். பிறகு பொத்தானை விட்டுவிட வேண்டும். அழுத்திக்கொண்டே இருந்தால் எதிர்முனையின் பதில் நமக்குக் கேட்காது.

“உனக்கு எதற்கம்மா இதெல்லாம்?”

“அம்மாவும் அப்பாவும் தண்ணியில விழுந்துட்டா, நான்தானே பேசணும்?”

பயமில்லாமல், பள்ளிப் பாடம் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் ஒரு கணம் பேச்சு வரவில்லை.

ஊர் திரும்பியதும் நிகழ்ச்சியில் நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். “வீட்டில் ஓர் அவசரம் என்றால் உங்கள் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும்?” பலர் சிரித்து மழுப்பினார்கள். ஒரு தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. மனைவி மயங்கி விழுந்தபோது வீட்டில் இருந்தது பேரன் மட்டும்தானாம். 995ஐ அழைத்துவிட்டான். ஆனால் புளோக் எண் சொல்லத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து முகவரி சொல்லும்வரை அவன் “பாட்டி வீடு, பாட்டி வீடு” என்றே சொல்லிக்கொண்டிருந்தானாம். பாட்டி இப்போது நலம்.

நம் நான்கறை வீவக வீடு அந்தப் படகைவிடப் பல மடங்கு பெரியது. பொருளுக்கும் குறைவில்லை. டார்ச் லைட் இருக்கிறது, முதலுதவிப் பெட்டி இருக்கிறது. பாதுகாப்பு அறையில் பெட்டிகளுக்கும் பழைய மின்விசிறிக்கும் பின்னால் எங்கேயோ இருக்கிறது! எங்கே என்று தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான். அவர் வேலைக்குப் போயிருந்தால்?

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். டார்ச்சுக்கும் மருந்துப் பெட்டிக்கும் பிள்ளையின் கைக்கெட்டும் ஓர் இடம் கொடுங்கள். மின்சாரப் பெட்டி எங்கே இருக்கிறது, பெரியவர் இல்லாதபோது யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று காட்டுங்கள். கடைசியாக, 995ஐ அழைத்ததாக நினைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள். புளோக் எண், தெருப் பெயர், மாடி, வீட்டு எண்.

அவர்களே முழுதாகச் சொல்லி முடிக்கட்டும். நடுவில் எடுத்துக் கொடுக்காதீர்கள்.