சும்மா நெட் பாயின்ட்தானே சார்!

புது ஆபீஸ் போடுகிறவர்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ரிசப்ஷனுக்கு எந்த கிரானைட், எம்.டி. அறைக்கு என்ன கலர், சாமி படம் எந்தத் திசை. ஃபால்ஸ் சீலிங்கை மூடி, பெயின்ட் அடித்து, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்த பிறகுதான் எனக்குப் போன் வரும். "சும்மா நெட் பாயின்ட்தானே சார், நாளைக்கு ஆள் அனுப்புங்க."

சும்மாவா? ஸ்விட்சிலிருந்து மேசைக் கம்ப்யூட்டர் வரைக்கும் காப்பர் கேபிளுக்கு மொத்தமே 100 மீட்டர்தான் கணக்கு. சுவருக்குள் ஓடுவது 90. மிச்சம் இரண்டு முனையிலும் மாட்டுகிற பேட்ச் கார்டுக்கு. சீலிங்குக்கு ஏறுவதும் பீமைச் சுற்றி இறங்குவதும் அதற்குள்ளேயே அடக்கம். தளத்தின் நடுவில் ஸ்விட்ச் வைக்கிற ரேக்குக்கு ஓர் இடம் விட்டிருந்தால் கவலையே இல்லை. எனக்குக் கிடைப்பதோ பான்ட்ரிக்குப் பின்னால், வாட்டர் ப்யூரிஃபையர் சொட்டுகிற மூலை. அங்கே ஏசி உண்டா என்றால், "பொட்டிக்கு எதுக்கு சார் ஏசி?" போன், கேமரா, வைஃபை எல்லாவற்றுக்கும் கரன்ட்டையும் அந்தப் பொட்டிதான் கொடுக்கிறது. சென்னை மே மாதத்தில் அது வேறென்ன செய்யும், கொதிக்கத்தான் செய்யும்.

மேசைக்கு இரண்டு பாயின்ட் கேட்டால், எல்லாம் வைஃபைதானே என்கிறார்கள். அந்த வைஃபை பெட்டியே சீலிங்கில் ஒரு கேபிளில்தானய்யா தொங்குகிறது!

எலக்ட்ரீஷியன் கதை தனி. பவர் வயர் போகிற பைப்பிலேயே டேட்டா கேபிளையும் இழுத்துவிட்டு, "இடம் இருந்துச்சு, போட்டுட்டேன்" என்பார். எட்டுக் கம்பிகளை நாலு ஜோடியாக முறுக்கி வைத்திருப்பதே வெளி இரைச்சல் ஏறாமலிருக்கத்தான். இவர் அதைக் கேபிள் டை போட்டு நெரித்து, மூலையில் கத்தி மாதிரி மடக்கியிருப்பார்.

கேட் 6 கேபிள் பாதி விலையில் கிடைக்கிறதே என்று ஓனர் ஒரு சுருளைக் கையோடு வாங்கி வருவதும் உண்டு. சுரண்டினால் உள்ளே அலுமினியம், மேலே செம்புப் பூச்சு. ஐபி போனுக்கு அதில் கரன்ட் அனுப்பினால் நல்ல செம்பைவிடச் சூடேறும், போய்ச் சேரும் வோல்டேஜும் குறையும். சொன்னால், நான் கமிஷனுக்குப் பேசுகிறேன் என்று நினைப்பு.

கடைசியில் சீலிங்கைத் தொடக்கூடாது என்று இன்டீரியர்காரர் மறிக்க, புதுப் பெயின்ட் மேலேயே பி.வி.சி. சேனல் ஒட்டிக் கேபிளைக் கொண்டுபோகிறேன். ஓனர் பார்த்து முகம் சுளிக்கிறார். "இதெல்லாம் முன்னாடியே பிளான் பண்ணக் கூடாதா சார்? சேனலுக்குத் தனியா பில் போடாதீங்க."