ஆற்றங்கரையில் எடுத்த கட்டையை மீன் தொட்டியில் போடலாமா?

சுற்றுலா போன இடத்தில், ஆற்றங்கரையில் வளைந்து நெளிந்த ஒரு மரக்கட்டை கிடக்கும். 'நம்ம மீன் தொட்டியில வெச்சா சூப்பரா இருக்கும்ல!' என்று பிள்ளைகள் கையோடு தூக்கி வந்துவிடுவார்கள். மீன்கள் ஒளிந்து விளையாட அருமையான இடம்தான். ஆனால், அப்படியே தண்ணீரில் இறக்கினால் கட்டையில் உள்ள கிருமியும் அழுக்கும் மீன்களின் உயிருக்கே உலை வைத்துவிடலாம்.

எந்தக் கட்டை வேண்டாம்?

நகத்தால் அழுத்தும்போது பள்ளம் விழுந்தால் அது உளுத்துப்போன கட்டை. பச்சை மரம், பிசின் வடியும் பைன், நச்சுப் பால் உள்ள அரளி, கள்ளி, பெயின்ட் அடித்தவை, ஆணி உள்ளவை எதுவும் கூடாது. கழிவுநீர் கலக்கும் இடத்தில் கிடப்பதையும் தொடாதீர்கள். கடற்கரைக் கட்டையின் உள்ளே உப்பு ஊறியிருக்கும். நன்னீர் மீன்களுக்கு அது ஆபத்து. சரணாலயங்களில் அனுமதியின்றி ஒரு கட்டையை எடுப்பதும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

எப்படித் தயார் செய்வது?

* மிச்சமிருக்கும் பட்டையை உரித்து, வெறும் தண்ணீரில் பிரஷ்ஷால் தேயுங்கள். சோப்பு, பிளீச்சிங் பவுடர் வேண்டாம். கட்டை அதை உறிஞ்சிவைத்து, பிறகு தொட்டியில் கக்கும்.

* சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய பாத்திரத்தில், கட்டை முழுவதும் மூழ்க ஒன்று முதல் இரண்டு மணி நேரம் கொதிக்க விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். பாத்திரத்தில் அடங்காத பெரிய கட்டை என்றால், கொதிநீரைப் பலமுறை ஊற்றி, கூடுதல் நாள்கள் ஊற விடலாம்.

* பிறகு கல்லை வைத்து அமுக்கி, வாளியில் ஒன்றிரண்டு வாரம் ஊற வையுங்கள். தினமும் தண்ணீர் மாற்றுங்கள். நிறம் இறங்குவது குறைந்து, கட்டை தானாக மூழ்கினால் தயார். அழுகல் வாடை வந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

பயப்பட வேண்டாம்... ஆனால், கவனியுங்கள்!

தொட்டித் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறினால், அது மரத்திலிருந்து இறங்கும் டானின். ஃபைட்டர் மீனுக்கு அது பிடிக்கும். காரத்தன்மையுள்ள தண்ணீரை விரும்பும் கப்பி, மாலி இருந்தால் பி.ஹெச் அளவைப் பரிசோதிப்பது நல்லது. முதல் சில வாரங்களில் கட்டைமீது வெள்ளையாகப் படரும் வழவழப்பு பெரும்பாலும் தீங்கற்றது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடலாம்.

கட்டையை வைத்த பிறகு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தால், உடனே அதை வெளியே எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரால் ஒரு பகுதியை மாற்றுங்கள். முதல் இரண்டு நாள்கள் மீன்களைக் கண்காணிக்கும் பொறுப்பை, கட்டையைத் தூக்கி வந்த குட்டீஸிடமே கொடுத்துவிடலாம்!