பூட்டிய அலமாரிக்குள் ஒரு கண்



எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ மூன்றாம் ஆண்டு. ஒருநாள் எதிர்வீட்டு மைக்செட் மாமா, "மாப்ளே, பெரிய படிப்பு படிக்கிறியே, இந்த ஆம்ப்ளிஃபயர் ஏன் 'ம்ம்ம்'னு இரையுதுன்னு பாரு" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். அப்பா பெருமையாகச் சிரித்தார். எனக்கோ வயிற்றைக் கலக்கியது!

மல்டிமீட்டரை வைத்தேன். பவர் சப்ளையில் 24 வோல்ட் டி.சி. சரியாகவே காட்டியது. மீட்டர் சராசரியைத்தான் சொல்லும்; உள்ளே நடக்கும் ஏற்ற இறக்கத்தைச் சொல்லாது.

பயந்து பயந்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தேன். உதவியாளர் அண்ணன், "பத்தே நிமிஷம்தான்" என்று சொல்லி சி.ஆர்.ஓ.வைத் தந்தார். டிரான்ஸ்ஃபார்மர் தாண்டிய டி.சி. பக்கத்தில் புரோபை மாட்டி, ஏ.சி. கப்ளிங்கில் போட்டு, கட்டத்துக்கு 5 மில்லி செகண்ட் வைத்தேன். திரையில் ரம்பப் பல் மாதிரி அலை! உயரம் 4 வோல்ட். இரண்டு கட்டத்துக்கு ஒரு பல். அதாவது 10 மில்லி செகண்ட், 100 ஹெர்ட்ஸ். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முழு அலை ரெக்டிஃபயரில் அது 100 ஆகும். ஒரு டையோடு திறந்துபோயிருந்தால் 50 தான் வந்திருக்கும். ஆக, டையோடுகள் நல்லவை. காய்ந்துபோனது பில்டர் கண்டென்சர்! மறுநாள் 4700 மைக்ரோ ஃபாரட் ஒன்று வாங்கி மாற்றிப் பார்த்தால், அலை அரை வோல்ட்டுக்கும் கீழே. இரைச்சலும் நின்றது.

இரண்டு வருடமாக அதே கருவியில் என்ன செய்தோம்? ஃபங்ஷன் ஜெனரேட்டரின் சைன் வேவைப் பார்த்தோம், ரெக்கார்டு நோட்டில் வரைந்தோம், கையெழுத்து வாங்கினோம். பிறகு அலமாரிக்குப் பூட்டு! நல்ல அலையை மட்டுமே பார்த்தவனுக்குக் கோளாறு எப்படிப் பிடிபடும்?

"பசங்க கெடுத்துடுவாங்க" என்கிறார்கள். பயம் நியாயமானதே. புரோபின் கிரவுண்ட் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மெயின்ஸ் பக்கம் மாட்டினால் ஷார்ட்தான், ஆளுக்கும் ஆபத்து. ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே கல்லூரி?

வசதியுள்ளவன் இன்று சின்ன டிஜிட்டல் ஸ்கோப்பை வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வான். என் போன்றவனுக்கு இந்த அலமாரிதான் கதி. வாரம் ஒரு மாலை, ஆசிரியர் மேற்பார்வையில், அவரவர் வீட்டுக் கோளாறுப் பொருளோடு வர ஆய்வகத்தைத் திறந்துவிடுங்கள். நம் பேரவை முதலில் கேட்க வேண்டிய கோரிக்கை இதுவே!

மாமா கூலி நீட்டியபோது அப்பா வாங்கவில்லை. "விடு மச்சான், காலேஜுல கத்துக்கொடுத்ததுதானே" என்றார். அந்த வார்த்தை முழு உண்மையாக வேண்டும் என்பதே என் ஆசை.