மேசை துடைக்கும் பிள்ளைக்கு என்ன வயசு?

கோலாலம்பூர் போனாலும் பேங்கொக் போனாலும் சாப்பாட்டுக் கடை வாசலில் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஹலாலா?" கேட்கத்தான் வேண்டும். சான்றிதழைப் படம் பிடித்து முகநூலிலும் போடுகிறார்கள்.

ஊரில் பேர்போன கொத்துக் கடையில் இரவு 11 மணிக்கு மேசை துடைக்கும் பிள்ளையைப் பற்றி மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அவனை எங்களுக்குத் தெரியும். 9ஆம் தரம். மூன்று மாதமாக எங்கள் இடாப்பில் அவன் பெயருக்கு நேரே வரவே இல்லை.

இந்த நாட்டில் 16 வயது வரை கல்வி கட்டாயம். வேலைக்கு அமர்த்தும் ஆகக்குறைந்த வயதும் 2021இலிருந்து 16தான். "வீட்டில கஷ்டம் சேர், உதவிதானே செய்றோம்" என்கிறார் முதலாளி. உதவியென்றால் காசை உம்மாவின் கையில் கொடுங்கள், பிள்ளையை எங்களிடம் அனுப்புங்கள்.

சாப்பிடப் போகிறவர்களே, கொத்துக்கு இன்னும் கொஞ்சம் சீஸ் கேட்கிற வாயால் அவனுடைய வயதையும் கேளுங்கள். முதலாளி மழுப்பினால் எழும்பி அடுத்த கடைக்குப் போங்கள். கொத்து எங்கேயும் கிடைக்கும்.